‘தெரியாது’ என்று சொன்ன ஞாயிறு

1

விடிய நாலரைக்கு இரும்பு தாரைச் சுரண்டும் சத்தம். முதலில் தூரத்தில், பிறகு எங்கள் வளைவில், பிறகு என் பல்லுக்குள். பனி வழிக்கிற வாகனம் வருகிறது. முன்னால் ஆளுயரத் தகட்டைத் தாழ்த்திப் பிடித்து, தலையில் மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு, தெருவைத் தோலுரிப்பதுபோல் உரித்துக்கொண்டு போகும்.

நல்ல சத்தம்தான். அது வந்தால்தான் வேலைக்குப் போகலாம், பஸ் ஓடும், பால் வரும். முப்பது வருடமாக இதை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் விடியாத நேரமும், இரும்பும், ஒழுங்கைக்குள் நுழைகிற கனத்த வாகனமும் ஒன்றுசேர்ந்தால் என் உடம்பு என்னைக் கேட்பதில்லை. அது எழும்பி உட்கார்ந்து ஆட்களை எண்ணத் தொடங்கிவிடுகிறது. பக்கத்தில் வதனி, ஒன்று. நான், இரண்டு. அடுத்த அறையில் மகள் ஆரணி. இல்லை, அடுத்த அறையில் யாருமில்லை. அவள் ஒஸ்லோ நகருக்குள் மாணவர் விடுதிக்குப் போய் நாலு வருடமாகிறது. எண்ணிக்கை பிழைத்துவிடுகிறது. திரும்ப எண்ணுகிறேன்.

“சும்மா படுங்கோவன்,” என்றாள் வதனி போர்வைக்குள் இருந்து. “அவன் தன்ரை பாட்டிலை வழிச்சுப்போட்டுப் போவான். நீங்கள் என்ன, எழும்பி அவனுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுக்கப் போறியளே?”

படுக்கவில்லை. அந்தப் புயல் அடித்து இன்றோடு ஒரு வருடம். இங்கே தமிழர் நாலுபேர் கூடினால் இன்னமும் அதைப் பற்றிக் கதைப்பார்கள்: யாருடைய கார் எங்கே சறுக்கியது, எந்த மலைப்பாதை எத்தனை நாள் பூட்டிக் கிடந்தது. நான் அந்தக் கதைகளுக்குள் போவதில்லை. என் வீட்டில் அந்தப் புயல் வேறுமாதிரி அடித்தது. அதை எழுதாமல் இந்த வருடப் பனிக்குள் கால்வைக்க முடியாது போலிருக்கிறது.

2

ஊரிலிருந்து இதை வாசிக்கிற நீங்கள் எங்கள் படங்களைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை மரம், வெள்ளைக் கூரை, சிவப்புத் தொப்பி. “சொர்க்கம் மாதிரிக் கிடக்கு” என்று எழுதுவீர்கள். நான் ஒரு இதயப்படம் அனுப்பிவிட்டுப் பனி அள்ளுகிற சவலை எடுத்துக்கொண்டு வெளியே போவேன்.

ஒஸ்லோவுக்குக் கிழக்கே, லோறென்ஸ்கூக்கில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று எங்களுடையது. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பாளன். பூட்டு, குழாய், மின்குமிழ், உடைந்த கதிரை எல்லாம் என் பொறுப்பு. நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை இதெல்லாம் பின்னுக்குப் போய்விடும். பனி, பனி, பனி. ஏழு மணிக்கு முன் வாசல் துப்புரவாக இருக்கவேண்டும். நெருப்பு வந்தால் பிள்ளைகள் ஓடுகிற பின்கதவுகள் எதுவும் அடைபட்டிருக்கக்கூடாது. கூரை விளிம்பில் ஈட்டிபோலத் தொங்குகிற பனிக்கட்டிகளை நீளத் தடியால் தட்டி விழுத்தவேண்டும், அதற்கு முன் கீழே நாடா கட்டவேண்டும்.

பனியை நான் கண்ணால் அல்ல, தோளால் அறிவேன். கடுங்குளிரில் பெய்வது மாப்போல இருக்கும், தும்மினால் பறக்கும். பூச்சியத்தை ஒட்டிப் பெய்வது குழைத்த சீமெந்து, ஒரு சவல் தூக்கினால் இடுப்பு கேள்வி கேட்கும். இரண்டையும்விடப் பொல்லாதது பெய்த பனிமேல் மழை பெய்து இரவில் இறுகிப்போவது. கண்ணாடி. நடக்கிற நிலம் நம்மை ஏமாற்றும். சப்பாத்துக்கடியில் முள்ளுப்பட்டி மாட்டிக்கொண்டு, கையில் சரளைக்கல் வாளியோடு, முதல் பிள்ளை வருவதற்கு முன் வளவு முழுக்கத் தூவிக்கொண்டு ஓடுவேன்.

யாராவது விழுந்தால் ஒரு படிவம் நிரப்பவேண்டும். விழாவிட்டாலும், விழப்பார்த்தால் நிரப்பவேண்டும். அதில் முதல் கட்டம், ‘என்ன நடந்தது’. இரண்டாவது கட்டம், ‘என்ன நடந்திருக்கக்கூடும்’. இந்த இரண்டாவது கட்டத்தை இவர்கள் மூன்று வரிக்குள் அடக்கியிருக்கிறார்கள். எனக்குக் கொப்பி வேண்டும்.

என் பயங்களைப் பார்த்து மகள் சிரிப்பாள். அவள் இங்கே பிறந்தவள். மூன்று வயதில் பாலர் பாடசாலைக்காரர் அவளைக் கட்டித் தூக்கிப் பனிக்குள் உருட்டி விளையாடப் பழக்கிவிட்டார்கள். நான் பத்து வருடம் நடந்து பழகாத தரையில் அவள் ஐந்து வயதில் சறுக்கிக்கொண்டு போனாள்.

3

போன வருடம் அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆரணி வீட்டுக்கு வந்தாள். நிலவறையில் கிடந்த ஸ்கீக் கட்டைகளை எடுக்கத்தான். கூட்டாளிகளோடு மலைக்குப் போய், ஒரு மரவீட்டில் இரண்டு இரவு தங்கிவிட்டு, ஞாயிறு பின்னேரம் திரும்புவதாகச் சொன்னாள். இந்த மரவீடுகளை இவர்கள் ஹித்தே என்பார்கள். மின்சாரம் இராது, தண்ணீர் இராது, போய்ச்சேரக் காரை விட்டிறங்கிப் பனிமேல் மணிக்கணக்காகச் சறுக்கவேண்டும். அப்படி அகதிபோல இருந்துவிட்டு வருவதற்கு ஆசைப்படுகிற சனம் இது.

வதனி அவளுக்கு றொட்டியும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் கட்டினாள். ஒரு பெரிய பை மிக்சரையும் அதன்மேல் வைத்தாள்.

“அம்மா, எல்லாம் முதுகிலை சுமக்கிறது. ஒவ்வொரு கிராமும் பாரம்.”

“மிக்சருக்கு என்னடி பாரம்? காத்துத்தானே.”

“அப்ப பாதிக் காத்தை எடுங்கோ வெளியிலை.”

பாதி வெளியே வந்தது. அவள் கதவடியில் குந்திச் சப்பாத்துக் கயிற்றை இறுக்கினாள். நான் ஸ்கீப் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது நிமிர்ந்து பார்த்து, “அப்பா, ஒருக்காக் கேளுங்கோ. நாங்கள் போற ஹித்தே எங்கையெண்டா...” என்று தொடங்கினாள்.

நான் இடைமறித்தேன். “சரி, சரி. வெளிக்கிட்டு நிக்கேக்கை ஏன் அந்தக் கதை. போட்டு வா, பிள்ளை.”

ஒரு கணம் அவள் வாய் திறந்தபடி இருந்தது. பிறகு, “ஓகே, பப்பா,” என்றாள். அவள் மனம் என்னோடு இருக்கும்போது நான் அப்பா. கதவைச் சாத்திவிட்டால் நோர்வேஜிய பப்பா.

உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வெளிக்கிட்டு நிற்கிறவரிடம் எங்கே என்று கேட்கக்கூடாது, போகிற காரியம் தடைப்படும். அவராகச் சொல்ல வெளிக்கிட்டாலும் படியில் வைத்துக் கேட்கக்கூடாது. என் வீட்டில் அப்படி, உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் சகுனத்தோடு மட்டும் அது முடியவில்லை. நாங்கள் வளர்ந்த காலத்தில் பிள்ளை எங்கே போகிறான் என்பது தாய்க்குத் தெரியாமல் இருப்பதே இரண்டு பேருக்கும் காவலாக இருந்தது. இது இரண்டாவது. மூன்றாவது, என் பெருமை. இங்கே பெண்பிள்ளை வெளியே கால்வைத்தால் எங்கே, ஆரோடை, எத்தினை மணிக்கு என்று துளைக்கிற தகப்பன்மார் நிறையப்பேர். நான் அப்படியில்லை என்று எனக்குள் ஒரு நெஞ்சு நிமிர்வு. நாலாவது ஒன்றும் இருக்கிறது. கேட்டால் பதிலுக்குள் ஒரு பொடியனின் பெயர் வந்துவிடுமோ என்ற பயம்.

இத்தனையும் அந்த ஒரு ‘சரி, சரி’க்குள் இருந்தன.

4

சனி மதியம் காற்று மாறியது. பள்ளிக்கூடத்துக் கூரையில் பாரம் ஏறுகிறதென்று என்னைக் கூப்பிட்டார்கள். அங்கே நின்று பார்த்தேன், பனி மேலிருந்து கீழே விழவில்லை. பக்கவாட்டில் போனது. கீழிருந்து மேலே போனது. முன்னால் இருந்த உதைபந்துக் கம்பம் இருந்தது, இல்லாமல் போனது, இருந்தது. என் கையே சில நேரம் இல்லாமல் போனது. தொலைக்காட்சி வரைபடத்தில் மலைப்பக்கம் முழுக்கச் சிவப்பு.

ஞாயிறு பின்னேரம் நாலு மணி. ஐந்து. ஆரணியின் தொலைபேசிக்கு எடுத்தால் ஒரு பெண்குரல், இந்த இலக்கத்தை இப்போது அடைய முடியாது என்றது. எத்தனை முறை எடுத்தாலும் அதே மரியாதை, அதே இனிமை. அந்தக் குரலை நான் வெறுக்கத் தொடங்கினேன்.

ஆறு மணிக்கு ஸ்டோவ்னரிலிருந்து வதனியின் அக்கா எடுத்தாள். அவள் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை, எனக்கும் கேட்டது.

“எடியே, செய்தி பாத்தனியே? மலையிலை ரோட்டெல்லாம் பூட்டாம்! கார் கார் எண்டு தாண்டு கிடக்காம்! உன்ரை பெட்டை எங்கை?”

“அவளோ? வீட்டிலைதான் நிக்கிறாள். படிக்கிறாள்,” என்றாள் வதனி, கண்ணிமைக்காமல்.

“குடுவன் கதைப்பம்.”

“குளிக்கிறாள்.”

வைத்துவிட்டுத் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“இஞ்சாருங்கோ. எங்கை போறாள் எண்டு உங்களுக்குச் சொன்னவள்தானே?”

“உமக்குச் சொல்லேல்லையே?”

“மலைக்கெண்டு சொன்னவள். மிச்சம் உங்களுக்குச் சொல்லியிருப்பாள் எண்டு நான் இருந்தனான்.”

“நான் உமக்குச் சொல்லியிருப்பாள் எண்டு...”

நோர்வேயில் மலைக்குப் போனாள் என்பது கடலுக்குள் தண்ணீருக்குப் போனாள் என்பதுபோல. எந்த மலை? குசினிக்குள் நாங்கள் இருவரும் நின்ற நிலையில் நின்றோம். சோற்றுப்பானை மட்டும் கொதித்தது.

ஏழு மணிக்குப் பொலிசுக்கு எடுத்தேன். இளம் பெண்குரல் ஒன்று, பதறாத குரல். முப்பது வருடம் கட்டிவளர்த்த என் நோர்வேஜியமொழி அந்தக் குரலுக்கு முன்னால் சரிந்தது. வினைச்சொற்கள் எல்லாம் தமிழில்போல வாக்கியத்தின் கடைசிக்கு ஓடிப்போய் நின்றன. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

எந்தப் பகுதிக்குப் போனாள்?

வெத் இக்கெ, என்றேன். தெரியாது.

யாருடைய ஹித்தே?

தெரியாது.

எத்தனை பேர் போனார்கள்? யார் யார்?

தெரியாது.

என்ன கார்? எங்கே நிறுத்தியிருப்பார்கள்?

தெரியாது. தெரியாது.

“அவள் வெளிக்கிடும்போது நீங்கள் வீட்டில் இருந்தீர்களா?”

“இருந்தேன்.”

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் நின்றுபோனது. அந்த இடைவெளிக்குள் எனக்கு என் அம்மா தெரிந்தாள்.

நான் பத்தொன்பது வயதில் இருந்தபோது ஒரு விடியற்காலை, எங்கள் பகுதியில் சுத்திவளைப்பு. நான் வீட்டில் இல்லை, முதல்நாள் பின்னேரம் வெளிக்கிட்டவன். ஆமிக்காரன் வந்து விரித்தபடி கிடந்த என் பாயைப் பார்த்துவிட்டு, மகன் எங்கே என்று அம்மாவைக் கேட்டான். அம்மா தெரியாது என்றாள். எத்தனை விதமாகக் கேட்டும் தெரியாது. உண்மையாகவே தெரியாது. தெரிந்திருந்தால் முகம் காட்டிக்கொடுத்திருக்கும். அவர்கள் போய்விட்டார்கள். அந்தச் சொல்லின்மேல்தான் நான் உயிரோடு வந்து இந்த நாட்டில் நிற்கிறேன். அதே சொல்லை இப்போது ஐந்து தரம் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தரமும் அது என் பிள்ளையை இன்னும் ஆழமாகப் பனிக்குள் தள்ளியது. தேட வருகிறவனிடம் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“ஏதாவது தெரிந்தால் உடனே எடுங்கள். ஒரு பெயர் போதும், ஒரு பள்ளத்தாக்கு போதும்,” என்றாள் அந்தப் பெண்.

வைத்துவிட்டு வதனியிடம் சொன்னேன். “அவள் சொல்ல வெளிக்கிட்டவள். கதவடியிலை. நான்தான் விடேல்லை.”

கத்துவாள் என்று நினைத்தேன். அடுப்பை நிறுத்தினாள். பானையை இறக்கினாள்.

“நானும் விட்டிருக்கமாட்டன்,” என்றாள். பானையை மூடிவிட்டு, “ஆனா நான் அவளின்ரை முகத்தைப் பாத்திருப்பன்.”

5

வேறென்ன செய்வது? சவலை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினேன். வாசலிலிருந்து தெரு வரை பாதை வெட்டினேன். வெட்டிக்கொண்டு தெருவை அடைய, பின்னால் வாசலடி மூடிக்கிடந்தது. திரும்பி வெட்டினேன். காற்று மூக்குக்குள் ஊசி குத்தியது. யோசிக்காமல் இருக்கக் குனிந்தேன், குனியக் குனிய அவளைத்தான் பார்த்தேன். இதே பனி. இதைவிடப் பத்து மடங்கு. தோண்ட ஆளில்லாத இடத்தில்.

பக்கத்து வீட்டுத் தூர்ஸ்தைன் தன் பனியூது இயந்திரத்தோடு வந்தார். ஓய்வுபெற்ற மின்வேலைக்காரர், தனியாள். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை கதைத்தால் அதிகம். பதினான்கு வருடத்தில் நாங்கள் கதைத்ததெல்லாம் பனி, குப்பைத்தொட்டி, மறுபடி பனி. இயந்திரத்தை நிறுத்தினார்.

“இது வீண்வேலை. உள்ளே போ,” என்றார்.

சொன்னேன். மகள் மலையில். எந்த மலை என்று தெரியாது. பொலிசுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அவர் கையுறையைக் கழற்றினார். என்னை ஒருமாதிரிப் பார்த்தார். “ஆரணி ஹல்லிங்டால் பள்ளத்தாக்கில் அல்லவா இருக்கிறாள்?” என்றார்.

விளங்கவில்லை எனக்கு. ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவர் உள்ளே போய், நாலாக மடித்த ஒரு தாளோடு வந்தார். நீட்டும்போது பெருவிரலைத் தாளின் அடியில் அழுத்திப் பிடித்திருந்தார். வாசல் விளக்கின் கீழ் விரித்தேன். மகளின் கையெழுத்து. பள்ளத்தாக்கின் பெயர், ஹித்தேயின் பெயர், கார் நிறுத்துமிடம், அங்கிருந்து ஒன்பது கிலோமீற்றர், எந்தப் பக்கத்தால். நாலு பேரின் பெயர்கள், கார் இலக்கம், எந்த நிற மேலங்கி. ‘ஞாயிறு இரவு எட்டு மணிவரை என்னிடமிருந்து செய்தி வராவிட்டால் பொலிசுக்கு எடுக்கவும்.’

“மலைக்குப் போகிறவர் போகுமிடத்தைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். இங்கே சின்னப்பிள்ளைகளுக்கும் அதைத்தான் முதலில் படிப்பிப்போம்,” என்றார். “வெள்ளி பின்னேரம் என் கதவைத் தட்டித் தந்தாள். இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது எட்டாக. உள்ளே உட்கார்ந்து மணிக்கூட்டைப் பார்க்க முடியவில்லை. அதுதான் மெஷினை எடுத்துக்கொண்டு வந்தேன்.”

நான் தாளை வாங்கினேன். பெருவிரல் விலகியது. அடியில் இன்னொரு வரி. ‘பப்பாவுக்குச் சொல்லவில்லை. தெரியாமல் இருக்கத்தான் அவருக்கு விருப்பம்.’

தூர்ஸ்தைன் வேறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

6

பொலிசுக்குத் திரும்ப எடுத்தேன். இப்போது கேட்டதற்கெல்லாம் பதில் இருந்தது. வாக்கியங்களும் திரும்பி வந்து ஒழுங்காக நின்றன. அந்தப் பள்ளத்தாக்கில் தொலைபேசிக் கோபுரம் விழுந்துவிட்டது, நிறையப்பேருடைய தொடர்பு இல்லை, உள்ளே இருந்தார்களானால் பயமில்லை, அங்குள்ள மீட்புக்காரருக்குத் தாளில் உள்ளதை அப்படியே கொடுக்கிறோம் என்றாள் அந்தப் பெண். உள்ளே இருந்தார்களானால். அந்த ‘ஆனால்’ விடியும்வரை குசினி மேசையில் எங்களோடு உட்கார்ந்திருந்தது.

தூர்ஸ்தைனும் கொஞ்சநேரம் இருந்தார். வதனி தேத்தண்ணியும் மகள் விட்டுப்போன மிக்சரும் வைத்தாள். அவர் ஒவ்வொரு பருப்பாக எடுத்து, ஆராய்ந்து, சாப்பிட்டார். வதனி தாளை மூன்றாம் தரம் வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ஆர் இந்த ஹென்றிக்?”

நான் அவளைப் பார்த்தேன்.

“சரி, சரி,” என்றாள். “முதல்லை முழுசா வந்து சேரட்டும். பிறகு கேப்பம்.”

அழுதபடியே சிரித்தாள். தூர்ஸ்தைனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவரும் சிரித்தார்.

திங்கள் வேலைக்குப் போகமுடியாது. லீவுக்குக் கணினியில் காரணம் தெரிவுசெய்யவேண்டும். ‘சொந்த நோய்’, ‘பிள்ளையின் நோய்’. நான் பிள்ளையின் பிறந்த திகதியைப் போட்டேன். பிள்ளைக்கு வயது கூடிவிட்டது என்று சிவப்பில் காட்டியது. சொந்த நோய் என்று போட்டேன். அது பொய்யும் இல்லை.

பதினொன்றரைக்கு ஒரு மெசேஜ். நோர்வேஜியமொழியில் ஏழு சொல். எல்லாரும் நலம், மீட்புக்காரர் வந்தார்கள், பின்னேரம் வருகிறோம். வதனி அந்த ஏழு சொல்லையும் என்னை மூன்று தரம் வாசிக்கச்சொன்னாள். பிறகு அக்காவுக்கு எடுத்து, பெட்டை நல்லாப் படிக்கிறாள் என்று சொன்னாள்.

பனி வழிக்கிற வாகனத்துக்குப் பின்னால் கார்களை வரிசையாக விட்டு மலையால் இறக்கினார்கள். ஆறு மணிக்கு ஆரணி வந்தாள். உதடு வெடித்து, கன்னம் எரிந்து, விறகுப்புகை மணத்தோடு. வதனி கட்டிப்பிடித்தாள். கட்டிப்பிடித்த கையாலேயே முதுகில் ஒன்று போட்டாள்.

சாப்பிட்ட பிறகு நானும் அவளும் மேசையில் மிஞ்சினோம். தோடம்பழம் ஒன்றை உரித்துக்கொண்டிருந்தாள்.

“தூர்ஸ்தைன்ரை பேப்பரைக் கண்டனீங்களோ?”

“ஓம்.”

“கடைசி வரியும்?”

“ஓம்.”

“சொறி அப்பா.”

“ஏன்? உண்மையைத்தானே எழுதினனி.”

அப்போதுதான் அம்மாவின் கதையைச் சொன்னேன். பாய், ஆமிக்காரன், தெரியாது. இருபத்துமூன்று வயதுவரை அவளுக்கு நான் சொல்லாத கதை. அவள் சுளைகளைப் பிரித்து மேசையில் அடுக்கினாள், ஒன்றையும் சாப்பிடவில்லை.

“அப்பா,” என்றாள் கடைசியில். “நான் ஆமிக்கு ஒளிச்சு நிக்கேல்லை. நான் பனிக்கை நிண்டனான்.”

பிறகு அங்கே நடந்ததைச் சொன்னாள். சனி இரவு கதவு திறக்க முடியாமல் பனி அடைத்துவிட்டது. ஞாயிறு காலை யன்னலால் ஏறி வெளியே வந்தார்கள். விறகு முடிகிற நிலை. சற்றுக் காற்று ஓய்ந்தபோது ஹென்றிக் என்கிற பொடியன், இப்பவே காருக்குப் போவோம், ஒன்பது கிலோமீற்றர்தானே என்றானாம். மற்ற இருவரும் ஸ்கீயை மாட்டிவிட்டார்களாம். இவள் மாட்டேன் என்றாளாம்.

“ஏன்?”

“எழுதிக் குடுத்த இடம் அதுதானே. தேடி வாறவை அங்கைதான் வருவினம். அந்த இடத்தை விட்டு வெளிக்கிட்டா நாங்கள் எங்கை எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.”

அவர்கள் திரும்ப உள்ளே ஏறி, கதிரை ஒன்றை உடைத்து எரித்தார்களாம். அரைமணிக்குள் காற்று முன்னதைவிட மோசமாக எழும்பியதாம். வழியில் ஒதுங்க ஒரு பாறைகூட இல்லை என்றாள். சொல்லிவிட்டு ஒரு சுளையை வாயில் போட்டாள். எனக்கு அந்த ஒன்பது கிலோமீற்றரும் கண்ணுக்குள் விரிந்தது. வெள்ளை. அதில் நாலு புள்ளி. அந்தப் புள்ளிகள் வெளிக்கிடாமல் இருந்ததற்குக் காரணம் என் வீட்டுக்குள் கிடக்காத ஒரு தாள்.

7

செவ்வாயும் லீவு போட்டுவிட்டு, காலை பத்து மணிக்கு அவளை பஸ் நிலையம்வரை கொண்டுபோய் விட்டேன். காற்று முற்றாக நின்றிருந்தது. ஆளுயரப் பனிச்சுவர்களுக்கு நடுவே ஒற்றையடியாக வெட்டிய பாதை. அவள் முன்னால், நான் பின்னால். அவள் கால்வைத்த இடத்தில் கால்வைத்து நடந்தேன்.

நிலையத்தில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. பஸ் வர நாலு நிமிடம் என்று பலகை காட்டியது. அவள் மூக்கை உறிஞ்சினாள், தொப்பியைச் சரிசெய்தாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று தெரிந்தது.

“அப்பா, அப்பம்மாவுக்கு அடிச்சவங்களோ?”

அதை நான் சொல்லியிருக்கவில்லை. நேற்று அவளுக்கும் சொல்லவில்லை, இதுவரை உங்களுக்கும் எழுதவில்லை.

“ஓம். ஒருக்கா.”

“இடப்பக்கமோ?”

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

“வீடியோவிலை கதைக்கேக்கை எப்பவும் மற்றப் பக்கத்துக் காதைத்தானே ஃபோனுக்குக் கிட்டக் கொண்டருவா. சின்னனிலை அது ஒரு விளையாட்டெண்டு நினைச்சனான்.”

வளைவில் பஸ் தெரிந்தது. மெதுவாக, பெரிய மிருகம் வழி முகர்வதுபோல வந்தது. அவள் அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப அண்டைக்கு நீங்கள் எங்கை போயிருந்தனீங்கள்?”

என்னை ஒருவரும் கேட்டதில்லை. அன்று மதியம் நான் வீட்டுக்குத் திரும்பியபோது, வீங்கிய முகத்தோடு அம்மா சோறு போட்டாள், கேட்கவில்லை. சாகும்வரை கேட்கவில்லை. நான் ஏதோ பெரிய காரியத்துக்குப் போனேன் என்று அவள் நினைத்திருக்கலாம், நினைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். இங்கே வந்திறங்கியபோது அகதி விசாரணையில் எத்தனையோ கேள்வி கேட்டார்கள், அதற்குள்ளும் அது இல்லை. வதனிக்கும் தெரியாது.

பஸ் நின்று கதவு திறந்தது. அவள் ஒரு காலைப் படியில் வைத்தாள், மற்றதைப் பனியில் வைத்தாள். கதவு மூடப்பார்த்து, அவள் தோளில் முட்டி, திரும்பத் திறந்தது. சாரதி கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

“சொல்லுங்கோ அப்பா. பஸ் நிக்குது.”

“வொலிபோல் பாக்க,” என்றேன். “சுன்னாகத்திலை ஒரு மட்ச். பாக்கத்தான் போனனான், பிள்ளை. வேறை ஒண்டுக்கும் இல்லை.”